அப்பாவின் மாட்டுத் தீனி

எங்க ஊர்ப் பக்கம் சாலட் என்றால் இரண்டே பொருள் தான். ஒன்று, கல்யாண வீட்டில் பிரியாணிக்குத் தொட்டுக்க வைக்கிற வெங்காயப் பச்சடி. இன்னொன்று, அதே பந்தியின் கடைசியில் ஐஸ்கிரீமைத் தலையில் கவிழ்த்து பேப்பர் கப்பில் தருகிற ஃப்ரூட் சாலட். இரண்டையும் உடம்பு இளைப்பதற்காக எவரும் தின்றதாகச் சரித்திரம் இல்லை :-)

எங்க ஊர்னு சொன்னேன் இல்லையா, அது பெருநகர். ஆபீஸ்ல புதுசா சேருகிறவர்கள் "நேட்டிவ் எது?" என்று கேட்பார்கள். "பெருநகர்" என்பேன். "எந்தப் பெருநகர்? சென்னையா, கோவையா?" என்று அடுத்த கேள்வி வரும். பேர் தாங்க அப்படி. காஞ்சிபுரத்தில் இருந்து வந்தவாசி போகிற ரோட்டில், உத்திரமேரூர் வட்டத்தில், செய்யாற்றை ஒட்டி இருக்கிற கிராமம். தைப்பூசத்துக்கு சுத்துப்பட்டு ஊர் சாமிகள் எல்லாம் எங்க ஆத்து மணல்ல வந்து ஒண்ணா நிற்கும். எங்க ஊரைப் பற்றிப் பெருமையாச் சொல்லிக்க அது ஒண்ணு போதும்.

இப்ப மேட்டருக்கு வருவோம். எங்கப்பாவுக்கு வயசு 57. எடை 86 கிலோ. சர்க்கரை வந்து ஒன்பது வருஷம் ஆச்சு. மூணு மாச சராசரி (அதான், எச்பிஏ1சி) போன வருஷம் 8.4. இது எல்லாத்தையும் அவர் ஒரு பொருட்டா மதிச்சதே இல்லை. ஆனா வலது முட்டி மக்கர் பண்ண ஆரம்பிச்சதும் ஆள் ஆடிப் போயிட்டார். கொல்லைக்குப் போகணும்னா வரப்புல நடக்கணும். வரப்புல பேலன்ஸ் பண்ணி நடக்க முட்டி ஒத்துழைக்கணும். போன தைப்பூசத்துக்கு ஆத்துல இறங்க முடியாம, வீட்டுத் திண்ணையில உக்காந்து மேளச் சத்தத்தை மட்டும் கேட்டுக்கிட்டு இருந்தார். அம்மா இதை போன்ல சொல்லும்போது குரல் ஒரு மாதிரி ஆயிடுச்சு.

காஞ்சிபுரத்துல எலும்பு டாக்டரிடம் கூட்டிட்டுப் போனேன். எக்ஸ்ரேயைப் பார்த்துட்டு, "தேய்மானம் இருக்கு. ஆபரேஷன் பத்தி அப்புறம் பேசலாம், முதல்ல ஆறு ஏழு கிலோ இறக்குங்க" என்று சொல்லிவிட்டார். ஆறு கிலோவில் என்ன ஆயிடப் போகுது என்று தோணும். 2005-ல் வந்த ஒரு அமெரிக்க ஆராய்ச்சியில், முட்டி தேய்ந்த, எடை கூடியவர்களை வைத்து அளந்து பார்த்திருக்கிறார்கள். உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடி எடுத்து வைக்கும்போதும் முட்டியில் இறங்குகிற பாரம் நாலு கிலோ குறைகிறது. ஆறு கிலோ குறைந்தால் அடிக்கு இருபத்துநாலு கிலோ. கொல்லைக்குப் போய் வர எத்தனை அடி, கணக்குப் போட்டுக்குங்க.

ஆக, எடை இறக்கியாக வேண்டும். அப்பா மூணு வேளையும் சோறு சாப்பிடுகிற ஆள். அவர் மட்டுமா? சென்னையில் இருக்கிற மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் ஐசிஎம்ஆரும் சேர்ந்து நாடு முழுக்க நடத்திய பெரிய ஆய்வின் கணக்குப்படி (2025-ல் வெளியானது), நாம் சாப்பிடுகிற கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்தில் இருந்து தான் வருகிறது. அதே ஆய்வின் 2023 அறிக்கையில், பெரியவர்களில் நூற்றுக்கு 39.5 பேருக்குத் தொப்பை இருக்கிறது என்று போட்டிருந்தார்கள். சோத்தைக் குறைக்கணும், ஆனா வயிறு காலியா இருக்கக் கூடாது. காலியா இருந்தா அப்பா ராத்திரி பத்து மணிக்கு அடுக்களையில் காராசேவு டப்பாவைத் தேடுவார். சோறு விட்ட இடத்தை எதாவது ஒண்ணு ரொப்பணும். அங்கதான் சாலட் உள்ளே வருது.

எங்க கம்பெனி கேன்டீனில் சாலட்டுக்குன்னே தனி கவுண்டர் உண்டு. ஆணி கம்மியா இருந்த ஒரு மத்தியானம், என் பக்கத்து சீட் நண்பர் வாங்கி வந்த கிண்ணத்தை வைத்துக்கொண்டு, என்னென்ன உள்ளே இருக்கு என்று எக்செல்லில் போட்டுப் பார்த்தோம் (மேனேஜர் பார்த்தா டேட்டா அனாலிசிஸ்னு சொல்லிக்கலாம்). இலை, வெள்ளரி, தக்காளி எல்லாம் சேர்த்து 200 கிராம்: நாப்பது கலோரி. அதுக்கு மேல மயோனைஸ் மூணு மேசைக்கரண்டி: 270. சீஸ் துருவல் ஒரு கைப்பிடி: 120. பொரிச்ச ரொட்டித் துண்டு: 60. மொத்தம் 490. நாலு இட்லியும் ஒரு கரண்டி சாம்பாரும் சாப்பிட்டிருந்தால் 300-ஐத் தாண்டியிருக்காது. நண்பர் கொஞ்ச நேரம் அந்தக் கிண்ணத்தையே பார்த்துக்கிட்டு இருந்தார்.

இதுல ஆச்சரியப்பட ஒண்ணும் இல்லை. ஹோட்டல் மெனுவில் இருக்கிற பேர் பெற்ற சாலட்டுகள் எதுவும் இளைப்பதற்காகப் பிறந்தவை அல்ல. ரஷ்யன் சாலட் என்று நம்ம ரிசப்ஷன்களில் வெள்ளை வெளேரென்று ஒரு பாத்திரத்தில் இருக்குமே, அது 1860-களில் மாஸ்கோவில் ஒரு பணக்கார ஹோட்டலில் ஒலிவியே என்கிற சமையல்காரர் செய்தது. சீசர் சாலட்டுக்கும் ரோமாபுரி சீசருக்கும் சம்பந்தம் கிடையாது. 1924-ல் மெக்சிகோவின் திஹுவானா ஊரில் ஹோட்டல் வைத்திருந்த சீசர் கார்டினி என்பவரின் பேர் அது. ருசிக்குப் பண்ணினது. அதைப் போய் டயட்டுன்னு சாப்பிட்டா அது பாவம் என்ன பண்ணும்?

மயோனைஸ் என்றதும் ஞாபகம் வருது. பச்சை முட்டையில் செய்கிற மயோனைஸுக்கு 2025 ஏப்ரல் 8-ல் இருந்து ஒரு வருஷத்துக்குத் தமிழ்நாடு அரசு தடை போட்டது. கிருமி பயம் தான் காரணம். உடனே எங்க ஆபீஸ் பக்கத்துக் கடைகளில் "முட்டை இல்லாத மயோனைஸ்" என்று போர்டு மாட்டினார்கள். கிருமி விஷயத்தில் சரி. ஆனால் அதுவும் பெரும்பாலும் எண்ணெய் தான், ஓய். முட்டை போனதால் கலோரியும் போயிடாது.

சரி, காய் மட்டும் வெட்டி வைத்தால் போதுமே, என்ன பெரிய ஆராய்ச்சி என்கிறீர்களா? அதையும் பண்ணியாச்சு. ஊருக்குப் போன முதல் சனிக்கிழமை வெள்ளரிக்காய், கேரட், தக்காளி, முட்டைக்கோஸ் எல்லாம் நறுக்கி, எலுமிச்சம்பழம் பிழிந்து, பெரிய கிண்ணத்தில் அப்பா முன்னாடி வைத்தேன்.

"இன்னாடா இது?"

"சாலட்பா. முதல்ல இதச் சாப்ட்டுட்டு அப்புறம் சோறு."

"மாட்டுக்கு வெக்கிறத எனக்கு வெக்கிற. மாட்டுக்காச்சும் புண்ணாக்கு கலந்து வெப்பாங்க."

"ஏங்க, புள்ள ஆசையாப் பண்ணிருக்கான், ஒரு வாய் சாப்ட்டுத்தான் பாருங்களேன்" என்று அம்மா சொல்ல, ஒரு வாய் சாப்பிட்டார். நல்லா மென்றார். எழுந்து போய் காராசேவு டப்பாவை எடுத்து வந்து, கிண்ணத்தின் மேல் ஒரு கைப்பிடி தூவி, மிச்சத்தையும் சாப்பிட்டு முடித்தார். "இப்ப நல்லாருக்குது" என்று சர்டிபிகேட் வேறு. நானும் அம்மாவும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம்.

யோசித்துப் பார்த்தால் அப்பா கேட்டதில் நியாயம் இருக்கு. மாட்டுக்கே புண்ணாக்கு வேணும்! வெறும் காயில் மொறுமொறுப்பு இல்லை, உறைப்பு இல்லை, பசி அடங்க பருப்பு இல்லை. காராசேவு இதெல்லாம் தருது, கூடவே எண்ணெயையும் தருது. அந்த எண்ணெய் இல்லாமல் மத்ததை மட்டும் எப்படிக் கொண்டுவருவது என்பது தான் கேள்வி. பதில் நம்ம வீட்டிலேயே இருந்தது. ராமநவமிக்குப் பானகம், நீர்மோர் கூட வடைப்பருப்பு கொடுப்பாங்களே, ஊறவைத்த பாசிப்பருப்பு? கர்நாடகாவில் அதுக்குப் பேர் கோசம்பரி. நம்ம பக்கம் சில வீடுகளில் கோசுமல்லி என்பார்கள் (செட்டிநாட்டுக்காரர்கள் சண்டைக்கு வராதீங்க, உங்க கோசுமல்லி கத்தரிக்காய், தெரியும்). லெட்டூஸும் வேணாம், ஆலிவும் வேணாம்.

எங்க வீட்டுக் கணக்கு, ஒரு ஆளுக்கு: பாசிப்பருப்பு 25 கிராம், ரெண்டு மணி நேரம் ஊறவைத்தது (85 கலோரி). வெள்ளரிக்காய் 150 கிராம் (25). கேரட் துருவல் 50 கிராம் (20). ஒரு சின்னத் தக்காளி (10). கால் வெங்காயம் (12). அரை டீஸ்பூன் எண்ணெயில் கடுகு, பச்சை மிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம் தாளிச்சுக் கொட்டணும் (20). எலுமிச்சம்பழம், கொத்தமல்லித் தழை, உப்பு. மொத்தம் 172 கலோரி. அளவு பார்த்தால் முன்னூறு கிராமுக்கு மேல், கிண்ணம் நிறைய வரும். உப்பைச் சாப்பிடும்போது போடுங்க, முன்னாடியே போட்டா வெள்ளரி தண்ணி விட்டுடும். காயை நறுக்குவதற்கு முன் ஓடுகிற தண்ணியில் நல்லாத் தேய்த்துக் கழுவுங்க. வெள்ளரி கசந்தால் யோசிக்காமல் தூக்கிப் போட்டுடுங்க.

இதுல அம்மா தன் பங்குக்கு ரெண்டு கை தேங்காய்த் துருவல் போட்டாங்க. சுமார் இருபது கிராம், 70 கலோரி. அப்பா தன் பங்குக்கு ஒரு கை வறுத்த மல்லாட்டை (வேர்க்கடலையைத் தான் நாங்க அப்படிச் சொல்லுவோம்) போட்டார். முப்பது கிராம், 170 கலோரி. 172 இப்ப 412. அதே கிண்ணம், அதே வெள்ளரிக்காய், கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. எங்க ப்ராஜெக்ட்ல எல்லா ஃபைலும் ஒழுங்கா இருக்கும், ஒரு சின்ன கான்ஃபிக் ஃபைல்ல யாரோ ஒரு எண்ணை மாத்தி வைத்திருப்பார்கள், மொத்த சர்வரும் படுத்துடும். அந்த மாதிரி.

"அதனால என்ன, காய் தானே கூட இருக்கு, வயிறு ரொம்பிடுமே" என்று நினைக்கலாம். இதைப் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்பரா ரோல்ஸ் என்பவரின் குழு 2004-ல் சோதித்துப் பார்த்தது. 42 பெண்கள். முதலில் ஒரு தட்டு சாலட்டை முழுசாச் சாப்பிடணும், அப்புறம் வேண்டிய மட்டும் பாஸ்தா. சாலட்டே இல்லாத நாளோடு ஒப்பிட்டார்கள். 300 கிராம் சாலட், 100 கலோரி மட்டும் இருந்த நாளில், சாலட்டையும் சேர்த்தே மொத்தச் சாப்பாடு 12 சதவீதம் குறைந்தது. அதே 300 கிராம், ஆனால் டிரெஸ்ஸிங்கும் சீஸும் ஏத்தி 400 கலோரி ஆக்கிய நாளில், மொத்தம் 17 சதவீதம் கூடிப் போச்சு. அதாவது அந்த இரண்டாவது சாலட்டைச் சாப்பிடுவதற்குச் சாலட்டே சாப்பிடாமல் இருந்திருக்கலாம்! எங்க வீட்டு 172-க்கும் 412-க்கும் நடுவுல இருக்கிற விஷயம் இதுதான். காய் ஒண்ணும் பண்ணலை, மேல போடுறது தான் எல்லாத்தையும் பண்ணுது.

அப்பாவிடம் இதைச் சொன்னேன். தேங்காயை விட்டுக்கொடுத்துட்டார், தென்னை எங்களுக்கு இல்லை :-) மல்லாட்டை விஷயத்தில் தான் பிரச்சினை. அது எங்க கொல்லையில் விளைவது.

"நம்ம கொல்லையில விளைஞ்சது எனக்கே கெடுதலா? மருந்தடிச்சு விக்கிற ஆப்பிள் நல்லதா?"

கெடுதல்னு யார் சொன்னா? ஹைதராபாத்தில் இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாசம் வெளியிட்ட வழிகாட்டியில், 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு ஒரு நாள் தட்டு எப்படி இருக்கணும் என்று கொடுத்திருக்கிறார்கள். காய்கறி 400 கிராம், பழம் 100, அரிசி கோதுமை சிறுதானியம் எல்லாம் சேர்த்து 250, பருப்பு முட்டை கறி 85, பால் தயிர் 300 மில்லி, எண்ணெய் 27 கிராம், கொட்டை விதை வகை 35 கிராம். மல்லாட்டைக்கு இடம் இருக்கு. ஆனா அந்த 35 கிராம் நாள் முழுக்கச் சேர்த்து. காலைல சட்னியில அரைச்சது, சாயங்காலம் வறுத்தது எல்லாம் அதே கணக்குல தான் வரும். இளைக்கணும்னு இருக்கிறவருக்கு இன்னும் குறையும்.

கடைசியில் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தோம். வறுத்தது வேணாம், அவித்தது. பச்சை மல்லாட்டையை ஓடோடு அவித்தால் தண்ணி ஏறிக்கும், அதனால் நூறு கிராமுக்கு 320 கலோரி போல வரும். வறுத்ததில் 570-க்கு மேல். பச்சை கிடைக்காத மாசங்களில் காய்ந்த பருப்பை ராத்திரியே ஊறவைத்து அவிக்கிறோம். சாலட்டுக்கு இருபது பருப்பு, எண்ணிப் போடணும். எண்ணுகிற வேலை அம்மாவுக்கு. அப்பா எண்ணினா எங்க ஊர் ரேஷன் கடை எடைக்கல் மாதிரி ஆயிடும்.

செக்கு எண்ணெய் பற்றியும் ஒரு வார்த்தை. "மரச்செக்குல ஆட்டினதுப்பா, எவ்ளோ வேணா ஊத்தலாம்" என்று எங்க பெரியப்பா சொன்னார். செக்கோ, மிஷினோ, ஆலிவோ, ஒரு கிராம் எண்ணெய்க்கு ஒன்பது கலோரி. இதுல சாதி வித்தியாசம் எல்லாம் கிடையாது. தேனும் வெல்லமும் அப்படியே, சர்க்கரைக்குத் தம்பிகள் தான். சில பேர் தேன் ஊத்தி எலுமிச்சை பிழிஞ்சு "நேச்சுரல் டிரெஸ்ஸிங்" என்று வீடியோ போடுகிறார்கள். சர்க்கரை வியாதிக்காரர் வீட்டில் அதை நுழைய விடாதீங்க.

அதுக்காக எண்ணெயை அடியோடு நிறுத்தவும் கூடாது. அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2004-ல் ஒரு சின்ன ஆய்வு. ஏழு பேர் தான். ஒரே சாலட், ஒரு தடவை கொழுப்பே இல்லாமல், ஒரு தடவை 6 கிராம் எண்ணெயோடு, ஒரு தடவை 28 கிராமோடு. கொழுப்பு இல்லாத நாளில் கேரட், தக்காளியில் இருக்கிற கரோட்டினாய்டு எதுவும் ரத்தத்தில் ஏறவே இல்லை என்று சொல்லலாம். எண்ணெய் இருந்த நாளில் ஏறியது. எங்க கணக்குல சாலட்டில் அரை டீஸ்பூன் தான். ஆனா பின்னாடியே குழம்பு, பொரியல் எல்லாம் வருதே, அதுல இருக்கிற எண்ணெய் அதே வயித்துக்குள்ள தானே போகுது.

தயிர் பச்சடியாகச் செய்தால் அப்பாவுக்கு இன்னும் பிடிக்கும். முள்ளங்கியைத் துருவிப் போட்டால் காரசாரமா இருக்கும். ஒரு விஷயம் மட்டும் கவனிங்க. பசும்பாலில் 100 மில்லிக்கு 70 கலோரி போல, எருமைப் பாலில் 100-க்கு மேல். எங்க தெருவில் எருமைப் பால் தான். அம்மா ஆடையை எடுத்துட்டு, காய்ச்சி, உறை ஊத்தி, தண்ணி கலந்து கடைந்து ஊத்துறாங்க. எடுத்த ஆடை எங்க போகுதுன்னு நான் கேட்கிறதில்லை. நெய் வாசனை அடிச்சா மட்டும் லேசா இருமுவேன்.

சாலட்டை எப்ப சாப்பிடுறதுங்கிறதும் முக்கியம். சோத்துக்கு முன்னாடி. நியூயார்க்கில் 2015-ல் சர்க்கரை நோயாளிகள் 11 பேரை வைத்துச் செய்த ஆய்வில், அதே சாப்பாட்டில் காயும் கறியும் முதலில், ரொட்டியும் ஜூஸும் கடைசியில் என்று வரிசையை மட்டும் மாற்றினார்கள். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் ரத்தச் சர்க்கரை ஏறக்குறைய 37 சதவீதம் கம்மி. 11 பேர் ரொம்பச் சின்ன கூட்டம் தான், ஒத்துக்கிறேன். ஆனா காசு செலவில்லாத மருந்து. அப்பா முதல்ல கிண்ணத்தை முடிப்பார், பத்து நிமிஷம் கழித்து இலை. நாலு கரண்டி சோறு வாங்கினவர் இப்ப ரெண்டரைக் கரண்டியில் கையை மடக்குறார்.

தினமும் ஒரே கோசம்பரி என்றால் அவர் ஓடிடுவார் என்பதால் ஒரு ஏற்பாடு. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டு பற்றிப் படிச்சிருப்பீங்க. பராந்தக சோழன் காலம், கி.பி. 919-லும் 921-லும் வெட்டினது. பேர் எழுதின ஓலைகளைக் குடத்தில் போட்டுக் குலுக்கி, விவரம் அறியாத ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். பல பேர் அதை நம்ம இப்போதைய தேர்தல் மாதிரி ஓட்டு எண்ணிக்கை என்று நினைக்கிறார்கள், அது குலுக்கல் முறை. எங்க வீட்டிலும் அதே முறை தான். பாசிப்பருப்பு-வெள்ளரி, முள்ளங்கிப் பச்சடி, முட்டைக்கோஸ்-மல்லாட்டை, வேகவைத்த கொண்டைக்கடலை-தக்காளி, வெங்காயம்-அவித்த முட்டை என்று ஐந்து சீட்டு ஒரு சொம்பில். அக்கா பையன், நாலு வயசு, சாயங்காலம் வந்து மறுநாளைக்கு ஒண்ணு எடுப்பான். அப்பாவால் என்னிடம் சண்டை போட முடியும், அம்மாவிடம் முடியும், பேரனிடம் முடியாது. முள்ளங்கி வந்தால் பேசாமல் சாப்பிடுகிறார்.

இதெல்லாம் சிரிப்பா எழுதுறேன், ஆனா மூணாவது வாரம் ஒரு நாள் கதிகலங்கிடுச்சு. நான் சென்னையில். அப்பாவுக்கு திடீர்னு உற்சாகம். காலைல மாத்திரை போட்டுக்கிட்டு, "இன்னிக்கு டிபன் வேணாம், வெள்ளரிக்கா மட்டும் போதும்" என்று அம்மாவிடம் சொல்லிட்டுக் கொல்லைக்குப் போயிருக்கிறார். பதினொரு மணிக்குக் கை நடுங்கி, சட்டை தொப்பலா நனைஞ்சு, வரப்புலயே உக்காந்துட்டார். பக்கத்துக் கொல்லைக்காரர் பார்த்துட்டு, யாருடைய டீத்தூள் பையில இருந்தோ சர்க்கரை எடுத்துத் தண்ணியில கலக்கிக் கொடுத்திருக்கிறார். கால் மணி நேரத்தில் தெளிஞ்சுட்டார். எனக்கு போன் வந்தப்ப மீட்டிங்கில் இருந்தேன். அப்புறம் அந்த மீட்டிங்கில் என்ன பேசினாங்கன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

அப்பா போடுவது கிளிமிபிரைடு என்கிற மாத்திரை. அது கணையத்தை இன்சுலின் சுரக்கச் சொல்லி முடுக்கிவிடும். சோறு வந்தாலும் வராட்டாலும் முடுக்கும். சோறு குறைஞ்சா சர்க்கரை தடால்னு இறங்கிடும். மெட்ஃபார்மின் மட்டும் போடுபவர்களுக்கு இந்த ஆபத்து குறைவு. இந்த வகை மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவர்கள் சாப்பாட்டைக் குறைப்பதற்கு முன் டாக்டரைப் பார்த்தே ஆகணும். எங்க டாக்டர் டோஸைப் பாதியாக்கினார். வெறும் வெள்ளரிக்காயில் ஒரு வேளையை ஓட்டக் கூடாது, பருப்போ முட்டையோ கொஞ்சம் சோறோ கூட இருந்தே ஆகணும் என்று கண்டிப்பாச் சொன்னார். அப்பா சட்டைப் பையில் இப்ப ரெண்டு குளுக்கோஸ் பாக்கெட் எப்பவும் இருக்கு.

ஆறு மாசம் ஓடிடுச்சு. 86 கிலோ இப்ப 80.5. எச்பிஏ1சி 7.3. எல்லாம் சாலட்டின் மகிமை என்று அடிச்சு விடமாட்டேன். சோறு குறைஞ்சது, சாயங்காலம் கோயில் வரைக்கும் நடக்கிறார், காராசேவு டப்பா வீட்டை விட்டே போயிடுச்சு. எடை கடைசி ரெண்டு மாசமா ஒரே இடத்துல நிக்குது. டாக்டர் இன்னும் ரெண்டு கிலோ கேட்கிறார். முட்டி வலி முழுசாப் போகலை, மாடிப்படி ஏறும்போது இன்னும் "அம்மாடி" என்கிறார். ஆனா இந்த வருஷம் தைப்பூசத்துக்கு ஆத்துல இறங்கினார். என் தோளைப் பிடிச்சுக்கிட்டு கரையில இறங்கி, மணலுக்கு வந்ததும் கையை எடுத்துட்டார். மணல்ல கால் புதையுமே, நிப்பாரான்னு நான் பின்னாடியே நின்னுக்கிட்டு இருந்தேன். சாமிகள் வர ஆரம்பிச்சதும் அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கலை. அம்மா தான் பார்த்தாங்க.

இப்ப அடுத்த சிக்கல் வந்திருக்கு. அடுத்த மாசம் கொல்லையில் மல்லாட்டை பிடுங்குறாங்க. வீடு பூரா மூட்டை நிக்கும், தினம் ஒரு குண்டான் அவியும். புது மல்லாட்டை வரும்போது இருபது எந்த மூலைக்கு என்று அப்பா இப்பவே மனு போட்டிருக்கிறார். இருபதை மாத்த முடியாதுன்னு சொல்லியாச்சு. "சரி, இருபதே இருக்கட்டும், ஓட்டோட எண்ணிக்கலாம்" என்கிறார். ஒரு ஓட்டுக்குள்ள ரெண்டு பருப்பு இருக்கும் என்பது அவருக்கு நல்லாவே தெரியும். மூணு பருப்பு இருக்கிற ரகத்தைத் தான் இந்தத் தடவை விதைச்சதா அம்மா சொல்றாங்க.